மெரூன் நாற்காலியின் கால்

முழுதாக உட்காரக் கூடாது. பாதி உட்கார்ந்தால் போதும் என்று தணிகாசலம் தீர்மானித்துக்கொண்டார். பாரத்தைப் பாதங்களில் தாங்கிக்கொண்டு தொடையை மட்டும் நாற்காலியின் விளிம்பில் ஒட்டவைத்தால், பார்க்கிறவர்களுக்கு உட்கார்ந்திருப்பவர் மாதிரிதான் தெரியும். உட்காரவில்லை என்பது அவருக்கும் அவருடைய முழங்காலுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். மெத்தை வைத்த இருக்கைகளிலெல்லாம் பேராசிரியர்களும் படிக்கிற பிள்ளைகளும் நிறைந்துவிட்டார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு, "இங்க உக்காருங்க ஐயா" என்று ஒரு பெண் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். மனைவி கோமளா உடனே உட்கார்ந்து முந்தானையை மடியில் சேர்த்துக்கொண்டாள். அவர் நின்றார். "இன்னா, இங்கயும் ஆரம்பிச்சிட்டியா? பொண்ணோட பரீட்சைக்கு வந்துட்டு வாட்ச்மேன் மாதிரி நின்னுகினு இருக்காத" என்றாள். "வாட்ச்மேன்தான் நானு" என்றார். "அது அபார்ட்மென்ட்டுல. இங்க நீ பொண்ணைப் பெத்தவன். உக்காரு" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதனால்தான் இந்தப் பாதி உட்காரல். கை தானாக இருக்கைக்கு அடியில் போய்த் தடவியது. நடுவில் ஒரு சின்ன முடிச்சு. அச்சுக்குள் பிளாஸ்டிக் பாய்ந்த வாய் அறுபட்ட இடம். எந்த நாற்காலிக்கும் அடியில் இப்படி ஒரு தொப்புள் உண்டு, அதைத் தடவினால் போதும், அறுத்தவன் பொறுமையானவனா அவசரக்காரனா என்று சொல்லிவிடலாம் என்று ஒருகாலத்தில் ஜம்பமாகப் பேசியிருக்கிறார். அப்படி யாரோடு பேசினார் என்று நினைத்ததும் பார்வை போகக் கூடாத இடத்துக்குப் போனது. மூன்று வரிசை முன்னால், மெத்தை இருக்கையில், நாற்காலிக் கம்பெனியில் கூட வேலை பார்த்த கஜபதியின் பின்மண்டை. முடியெல்லாம் கொட்டிப்போய், காதுக்கு மேலே மட்டும் பஞ்சு ஒட்டினாற்போல. இவனை யார் கூப்பிட்டது? மகள் யமுனாதான் கூப்பிட்டிருக்கிறாள், வேறு யார். சின்ன வயதில் பெரியப்பா பெரியப்பா என்று அவன் சைக்கிளின் முன்கம்பியில் ஏறிக்கொண்டு திரிந்தவள். கைத்தடியோடு வந்தவனை நேரே அழைத்துப்போய் மெத்தையில் உட்காரவைத்தாள், பெற்றவனுக்குப் பிளாஸ்டிக். இருக்கட்டும். மடியில் இருந்த துணிப்பையை அவர் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பைக்குள் துண்டில் சுற்றிய கால் இருந்தது. மெரூன் நிற நாற்காலியின் பின்னங்கால், முழங்கை நீளத்துக்கு, மேல்பக்கம் பிசிறு பிசிறாக உடைந்தது. "பையில என்னப்பா?" என்று காலையில் யமுனா கேட்டபோது, "குடை" என்று சொல்லியிருந்தார்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவை போய் வேறு வந்தன. ஒன்றே ஒன்று தெரிந்தது, இரண்டு பி பக்கத்தில் பக்கத்தில். கம்பெனிக்கு வந்து இறங்குகிற பிளாஸ்டிக் மூட்டைகளின் மேலே இருந்த அதே இரண்டு பி. அதைப் பார்த்ததும், தெரியாத ஊரில் தெரிந்தவன் முகத்தைப் பார்த்தாற்போல மனசு நிமிர்ந்தது. யமுனா கோமளாவின் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்று பேசினாள். குரல் முதலில் கொஞ்சம் தடுக்கியது, அப்புறம் ஓட ஆரம்பித்தது. அது அவளுடைய குரல்தான், ஆனால் வார்த்தைகள் அவருக்கு எட்டாத உயரத்தில் போய்க்கொண்டிருந்தன. இவள் தோற்றுப்போனால் என்ன செய்வது என்று பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டார்.  டாக்டர் பட்டம் வாங்க வைவா என்று ஒரு பரீட்சை, நாலு பேர் முன்னால் நின்று செய்த ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும், வெளியூரிலிருந்து வந்திருக்கும் பெரியவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும், அதற்கப்புறம் சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம், அதுதான் இங்கே வழக்கம் என்று ஒருநாள் சாப்பிடும்போது யமுனா சொன்னாள். யார் வேண்டுமானாலுமா? யார் வேண்டுமானாலும்ப்பா. அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார். போன வருஷம் பரண்மேல் இருந்த நாற்காலிக் காலை இறக்கி அதிலிருந்து நகம் அளவுக்குச் சீவி எடுத்துக்கொண்டு போனவள் அவள். "லேப்ல பாக்குறேன்ப்பா. எதனால ஒடைஞ்சதுன்னு தெரியுதான்னு பாப்போம்" என்றாள். அதற்கப்புறம் எத்தனை முறை கேட்டும், "வைவா முடியட்டும்ப்பா, சொல்றேன்" என்றே தட்டிக் கழித்தாள். அப்படியென்றால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை வைத்துக்கொண்டு ஏன் சொல்லவில்லை? நல்ல சேதியாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா? இருக்காது, பெரிய சபையில் சொல்வதற்காக வைத்திருப்பாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நினைத்து நினைத்து மனசில் அந்த இடம் தேய்ந்துபோயிருந்தது. இன்றைக்கு இந்த ஹாலை விட்டுப் போவதற்குள் அந்தக் கால் பேசியாக வேண்டும். நாற்காலி உடைந்தது தணிகாசலத்தால் இல்லை என்று, அந்தப் பின்மண்டைக்கும் கேட்கிற மாதிரி.

திரையில் ஒரு படம் ஓடியது. முதலில் வெறும் கறுப்பு. கறுப்பில் ஒரு புள்ளி. புள்ளியைச் சுற்றி வட்டம் விரிந்தது, மஞ்சளும் நீலமுமாக, நடுவில் கறுப்பாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டு. அங்கொன்று இங்கொன்றாக இன்னும் புள்ளிகள், இன்னும் பூக்கள், ஒன்றின் ஓரம் இன்னொன்றின் ஓரத்தில் முட்டுகிறவரை விரிந்து, முட்டின இடத்தில் நேர்க்கோடாக நின்றுவிட்டன. கோமளா குனிந்து, "கோலம் மாதிரி கீது இல்ல" என்றாள்.  இதை அவர் பார்த்திருக்கிறார். இந்த வண்ணத்தில் இல்லை, இவ்வளவு பெரிதாக இல்லை, ஆனால் பார்த்திருக்கிறார். மெஷினைச் சுத்தம் செய்யும்போது வாய்வழியாகத் துப்புமே, சூடான பிளாஸ்டிக், தரையில் சொத்தென்று விழும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் இருக்கிற சிமெண்டுத் தரையின் கீறல்கூடத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் ஓரத்திலிருந்து பால் பரவ ஆரம்பிக்கும். ஓரம் வெளுத்து, வெளுப்பு உள்ளே போய், கடைசியில் நடுவில் ஒரு கண் மட்டும் தெளிவாக நிற்கும். அதுவும் மூடிவிடும். மூடினபிறகு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கண் மூடுகிற வரைக்கும் பார்ப்பதில் ஒரு ஆசை அவருக்கு. "இன்னாடா, சினிமாவா பாக்குற? அச்சுல அடுத்த ஷாட் போடு" என்று பின்னாலிருந்து தலையில் தட்டுவான் கஜபதி. தட்டிவிட்டு அவனும் நின்று பார்ப்பான். ஒரே லைன் வீடு, ஒரே ஷிப்ட், ஒருவன் டிபன் பாக்ஸில் இருப்பது இன்னொருவனுக்கும். கஜபதி சூப்பர்வைசர் ஆனபோது அவனைவிட இவர்தான் அதிகமாகச் சந்தோஷப்பட்டார். புள்ளி. எல்லாம் ஒரு புள்ளியில்தான் ஆரம்பிக்கிறது. தூசு அளவுக்கு ஒன்று கிடைத்தால் போதும், சுற்றியிருப்பதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு இறுகும். அவருக்குக் கிடைத்த தூசு ஒரே ஒரு வாக்கியம். நாற்காலி உடைந்தபிறகு மேனேஜர் ரூமில் நிற்கவைத்துக் கேட்டார்கள், ஆறவைக்கிற நேரத்தைக் குறைத்தது யார் என்று. தணிகாசலம் கஜபதியைப் பார்த்தார். கஜபதி தரையைப் பார்த்தான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "மெஷின்ல ஆபரேட்டர்தான் சார் இருப்பாரு." அவ்வளவுதான். பொய்கூட இல்லை. மெஷினில் ஆபரேட்டர்தான் இருப்பார், அந்த ஆபரேட்டர் தணிகாசலம். அந்த வாக்கியத்தில் எந்த இடத்தில் பிடித்து அவன் கழுத்தை நெரிப்பது என்று இத்தனை வருஷமும் தடவித் தடவிப் பார்க்கிறார், பிடி கிடைக்கவில்லை.

நாற்காலி உடைந்தது ஒரு கல்யாண வரவேற்பில். மாப்பிள்ளையின் பெரியப்பா, கனத்த ஆள், பாயசக் கிண்ணத்தோடு உட்கார்ந்தார், பின்னங்கால் போனது, இடுப்பு எலும்பு போனது. அந்த வாரத்தில் அதற்கு முன்பே வேறு இடங்களிலும் உடைந்ததாகப் பேச்சு வந்தது. கம்பெனிக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆறுவதற்கு முன்னால் அச்சிலிருந்து எடுத்துவிட்டான், எண்ணிக்கை கூட்டிக் காட்டுவதற்காக அவசரப்பட்டான் என்று தணிகாசலத்தின் தலையில் கட்டினார்கள். வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் காலை அவர் அந்த மண்டபத்துக்குப் போய் எச்சில் இலைக் குவியலைக் குச்சியால் கிளறி இந்தக் காலை எடுத்துவந்தார். மண்டபத்துக்காரன் பைத்தியம் என்று நினைத்து விரட்டினான். நினைக்கட்டும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எந்த மோல்டிங் கம்பெனிக்குப் போனாலும் வாசலிலேயே சிரிப்பு, "நாற்காலியா? ஐயையோ, எங்க ஓனர் கொஞ்சம் குண்டு" என்று. ஒடைஞ்ச நாற்காலி தணிகாசலம். தெருவில் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொன்னார்கள். அதற்கப்புறம் அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் வேலை. அங்கே அவருக்குப் போட்டது என்ன? பிளாஸ்டிக் நாற்காலி. அதைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு நின்றார். மழையில் நின்றார், காய்ச்சலில் நின்றார். செக்ரட்டரி அம்மா மனசு கேட்காமல் ஒரு இரும்பு ஸ்டூல் கொடுத்தாள். கல்யாணங்களில் பந்தி முடிகிறவரை தூணில் சாய்ந்து நிற்பார். கோமளாவின் தம்பி கல்யாணத்தில் நின்றே சாப்பிட்டார். "உங்க வீட்டுக்காரருக்கு மூலமா அக்கா?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள், அவள் ஒரு வாரம் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். உடைந்தது ஏன் என்று அவருக்குத் தெரியும். அந்த மாதம் மெரூன் ஏன் போட்டார்கள்? வெள்ளையில் போட்டால் தெரிந்துவிடும். பழைய பக்கெட், பழைய குடம் என்று தெருவில் பொறுக்கினதையெல்லாம் அரைத்து, புதுக் குருணையோடு கலந்து, கறுத்த மெரூன் சாயத்தைக் கொட்டினார்கள். திரும்பத் திரும்ப உருக்கினதில் ஜீவன் இருக்காது. மூட்டையைப் பிரித்துக் கொட்டச் சொன்னவன் கஜபதி. மேனேஜர் ரூமில் அதைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. இவர் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. ஆனால் நினைப்பு இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும் போலக் கண்ணில் ஒரு கை. அவருடைய வலது கைதான். ஆறவைக்கிற நேரத்துக்கான திருகின்மேல் இருக்கிறது. இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்புகிறது. எந்த நாள் அது? எல்லா ஆபரேட்டரும் எப்போதாவது திருப்புவார்கள், பக்கெட் ஓட்டும்போது, மூடி ஓட்டும்போது. அது பக்கெட் ஓட்டின நாளாகத்தான் இருக்கும். நாற்காலி அச்சில் கை வைக்கவில்லை என்று கோமளாவிடம் சொன்னார், யூனியன்காரர்களிடம் சொன்னார், சாமி படத்தின் முன்னால் சொன்னார். சொல்லச் சொல்ல அந்த நாள் பளிச்சென்று ஆகிக்கொண்டே வந்தது, வெயில் எந்த ஜன்னலில் விழுந்தது என்பதுவரை. ஆனால் அந்த ஜன்னல் அந்த ஷெட்டில் இருந்ததா என்று போன மாதம் ஒரு விடியற்காலையில் திடீரென்று சந்தேகம் வந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். இல்லை. அதைப் பற்றி நினைக்கக் கூடாது. கால் இருக்கிறது. கை பொய் சொல்லலாம், ஜன்னல் பொய் சொல்லலாம், கால் பொய் சொல்லாது.  பாதத்தை மாற்றி ஊன்றிக்கொண்டார்.

"உங்க அம்மா அப்பா வந்திருக்காங்கல்ல?" என்று தமிழில் ஒரு குரல் கேட்டதும் அவர் திடுக்கிட்டார். வெளியூர்ப் பெரியவர்தான், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுச் சிரித்தார். "நான் எங்க போனாலும் இதைக் கேப்பேம்மா. இவ்வளவு நேரம் எங்களுக்குச் சொன்னீங்க. இப்ப அவங்களுக்குச் சொல்லுங்க. ஒரு சமன்பாடும் கூடாது." பிள்ளைகள் சிரித்தார்கள். யமுனா சிரிக்கவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, பையைப் பார்த்தாள். குடை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "பிளாஸ்டிக்குங்கறது நீள நீளமான நூல்ங்க" என்று ஆரம்பித்தாள். "உருகி இருக்கும்போது அந்த நூலெல்லாம் சிக்கலாக் கெடக்கும், எது எங்க போகுதுன்னு தெரியாது. ஆற ஆற என்ன ஆகும்னா, அங்கங்க கொஞ்சம் நூல் மடிஞ்சு மடிஞ்சு ஒழுங்கா அடுக்கிக்கும், இஸ்திரி போட்ட துணி மாதிரி. அந்த அடுக்குக்குப் பேருதான் படிகம். ஆனா கல்கண்டு மாதிரி முழுசா ஆகாது. அடுக்குக்கு நடுவுல சிக்கலும் அப்படியே மாட்டிக்கும். ரெண்டும் சேர்ந்ததுதான் நாம உக்கார்ற நாற்காலி. சிக்கல்லேர்ந்து அடுக்கு எப்ப பொறக்குது, எவ்வளவு வேகமா வளருது, அதைக் கணக்குல எப்படிப் பிடிக்கிறது, அதுதான் என் வேலை." கோமளா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "திரும்ப உருக்கினா எல்லாம் மறந்துடும்னு நினைப்போம். மறக்காது. கொஞ்சமா சூடு பண்ணினா, கண்ணுக்கு உருகின மாதிரிதான் இருக்கும், ஆனா ஆறும்போது பழைய இடத்துலயே பழைய மாதிரியே இறுகும். உண்மையா மறக்கணும்னா அதைவிட நெறைய சூடு வேணும்." அவர் மனசுக்குள், சபாஷ், என்றார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவருக்குத் தெரிந்த விஷயம் அது. எத்தனை பேர் வந்து சமாதானம் பேசியிருக்கிறார்கள், காபி குடித்து, தோளில் தட்டி. அவ்வளவு சூட்டில் இது உருகுமா.  அப்புறம் யமுனா திரையைக் காட்டிக்கொண்டிருந்த குச்சியை மேஜைமேல் வைத்தாள். "இன்னொண்ணு. இறுகினதோட அது நிக்கிறதில்ல. நாற்காலி ஆகி, வீட்டுக்கு வந்து, மூலையில சும்மா கெடந்தாலும் உள்ள மெதுவா அடுக்கிக்கிட்டே இருக்கும். வெயில் சூடு பட்டா இன்னும் அதிகமா. காத்தும் அதை அரிக்கும். வருஷம் ஆக ஆக இறுகி, ஈரமில்லாத மண்ணு மாதிரி உதிரும். அதனால, ரொம்ப வருஷம் பரண்ல கெடந்த ஒரு பழைய துண்டை எடுத்து, இது பொறந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சு, யாரு சரியா செஞ்சாங்க, யாரு தப்பா செஞ்சாங்கன்னு கேட்டா, அதால சொல்ல முடியாது. அது இப்ப அந்தத் துண்டே இல்ல. வச்சிருந்ததுலயே மாறிடுச்சு." கடைசி வார்த்தைகளை அவள் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள்.

தரையைப் பார்த்துச் சொன்னாள். அவளுமா? கைதட்டல் கேட்டது, கோமளா வளையல் குலுங்கத் தட்டினாள், "எம்மாந் தெளிவா சொல்லுது பாரேன்" என்று அவர் விலாவில் இடித்தாள். அவருக்குக் காது அடைத்தது. ஒரு வருஷமாக அவள் வாய்க்குள் வைத்திருந்தது இதுதானா. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பரணில், பழைய புடவையில் சுற்றி, பல்லி எச்சம்கூடப் படாமல் வைத்திருந்தாரே, வைத்திருந்ததாலேயே போய்விட்டதா? எறிந்திருந்தாலும் போயிருக்கும், வைத்திருந்தாலும் போய்விட்டது, அப்படியானால் என்னதான் செய்திருக்க வேண்டும் ஒரு மனுஷன்? சித்திரை வெயிலில் கூரைத் தகடு படபடக்கும்போதெல்லாம் அது அங்கே மேலே படுத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் மடிந்து மடிந்து அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. கீழே பாயில் படுத்துக்கொண்டு இவரும் அதையே செய்துகொண்டிருந்தார். ஜன்னலை ஒருநாள் அடுக்கினார், வெயிலை ஒருநாள் அடுக்கினார். கை. அந்தக் கை. அதைப் பற்றியும் இனி யாரும் சொல்ல முடியாது, அவரும் சொல்ல முடியாது. கஜபதியின் பின்மண்டை அசையவில்லை. நிம்மதியாக இருப்பான். விட்டது சனி என்று இருப்பான். தெரியாது என்றால் அவன் பக்கம் தீர்ப்பா? தெரியாது என்பது யாருக்குச் சொந்தம்? தெரியாது, தெரியாது என்று அந்த வார்த்தையையே திருப்பித் திருப்பி உருட்டியதில் அதன் அடியில் ஒரு முடிச்சு விரலில் தட்டுப்பட்டது. அவர் அதைத் தடவினார். இன்னொரு முறை தடவினார். மேடையில் தலைவராக இருந்த பேராசிரியர் எழுந்து இங்கிலீஷில் ஏதோ சொல்லி, சபையைச் சுற்றிக் கையை வீசினார். யார் வேண்டுமானாலும்.

தணிகாசலம் எழுந்தார். பாதி நின்றுகொண்டிருந்தவருக்கு எழுந்திருக்க நேரமாகவில்லை. "யோவ், மானத்த வாங்காத, உக்காரு" என்று கோமளா சட்டையைப் பிடித்தாள். சட்டை இழுபட்டது, அவர் இழுபடவில்லை. எல்லாத் தலைகளும் திரும்பின, கஜபதியின் தலை மட்டும் கடைசியாக. "சொல்லுங்க ஐயா" என்றார் தலைவர். பையிலிருந்து துண்டை எடுத்துப் பிரித்தார். காலைக் கையில் பிடித்ததும் பிசிறு கொஞ்சம் தரையில் உதிர்ந்தது, பொட்டுப்பொட்டாக, மெரூன் நிறத்தில். "நான் அந்தப் பொண்ணோட அப்பா" என்றார்.  "இத்த பத்திதான் அது சொல்லிச்சு. எனக்கு ஒரு கேள்வி கீது. இது இப்ப பேசாது. சரி, ஒத்துக்கறேன். ஒடைஞ்ச அன்னிக்கே எடுத்தாந்து பாத்திருந்தா பேசியிருக்குமா?" யமுனாவின் முகம் வெளுத்து, அப்புறம் மெல்லச் சிவந்தது. குச்சியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள். "பேசியிருக்கும்ப்பா." "என்னான்னு?" "சீக்கிரமா எடுத்ததால ஒடைஞ்சுதா, கலந்த பொருளால ஒடைஞ்சுதா, ரெண்டும் சேர்ந்தான்னு. பெருசா ஒண்ணும் வேணாம். சின்னதா சீவி, சூடு பண்ணிப் பாத்திருந்தாலே போதும்." "அன்னிக்கு யாராச்சும் பாத்தாங்களா?" அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ அப்போ ரெண்டாங் கிளாஸ். உனக்குத் தெரியாது. உன்னைக் கேக்கல."  அவர் அந்தக் காலை நீட்டவில்லை, விரலை நீட்டவில்லை, யாருடைய பேரையும் சொல்லவில்லை. கஜபதியின் கண்ணை மட்டும் பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கண் தரைக்குப் போவதை இந்தத் தடவை சபையே பார்த்தது. "யாரும் பாக்கல சார்" என்றார் தலைவரிடம். "தெரியாமதான் எம்மேல போட்டாங்க. அது தெரியறதுக்கு வழி இருந்தப்பவே தெரிஞ்சுக்காம போட்டாங்க. அவ்வளவுதான் சார் எங்கேள்வி." உட்காரவில்லை. வெளியூர்ப் பெரியவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, யமுனா பக்கம் திரும்பி, "இதை நீங்க உங்க முன்னுரையில எழுதியிருக்கணும்மா" என்றார். அதன்பிறகு எல்லோரும் வெளியே போகச் சொல்லப்பட்டு, திரும்ப அழைக்கப்பட்டு, டாக்டர் யமுனா தணிகாசலம் என்று ஒருவர் உரக்கப் படித்தபோது, அந்தப் பேரின் இரண்டாம் பாதி ஹால் முழுக்க மோதித் திரும்பி வந்ததை அவர் காதால் கேட்டார். கோமளா அழுதாள். அழுதுகொண்டே, "பேசித் தொலைச்ச. நல்லாதான் பேசின" என்றாள்.

வெளியே வராந்தாவில் மேஜை போட்டு சமோசாவும் மைசூர்பாகும் வைத்திருந்தார்கள். யமுனாவைச் சுற்றிப் பிள்ளைகள் போட்டோ எடுத்தார்கள். கூட்டத்துக்கு மேலே எட்டி அவள் அவரைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே முறைத்தாள், அப்புறம் சிரித்தாள். தட்டோடு கஜபதி வந்தார். ஒரு கையில் தடி, ஒரு கையில் தட்டு, தட்டு சாய்ந்து சமோசா ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. "தணி" என்றார். தணி என்று கூப்பிட இன்னும் ஆள் இருக்கிறது. "கொழந்த நல்லா பேசிச்சு." "ம்." "இந்தா, சூடா கீது, துன்னு." அவர் வாங்கவில்லை. கஜபதி வராந்தாத் தூணைப் பார்த்துக்கொண்டு, "நான் அன்னிக்குப் பொய் ஒண்ணும் சொல்லலடா" என்றார். "நீ ஒண்ணுமே சொல்லல." கஜபதி தட்டைச் சரித்துச் சமோசாவை நடுவுக்குக் கொண்டுவந்தார். "வயசாயிடுச்சு நமக்கு" என்றார் கஜபதி. "அத்த எங்கிட்ட குடுத்துடு. போற வழியில எங்கனா போட்டுடறேன். எம்மாங் காலம் தூக்கினு அலைவ?" தடி பிடித்த கை நீண்டது, பைப் பக்கமாக. தணிகாசலம் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். ஒரு சமோசாவின் சூட்டில் உருகுவதற்கா இத்தனை காலம். பரணில் அதன் இடம் அப்படியே இருக்கிறது. பேசாவிட்டால் போகட்டும், அங்கேயே கிடக்கட்டும், இன்னும் இறுகட்டும். "ஐயோ, அண்ணே, நிக்கவெச்சே பேசறானே இந்தாளு, தடி ஆடுது பாருங்க, உக்காருங்கண்ணே" என்று கோமளா ஓடிவந்தாள். வராந்தாவில் மெத்தை இருக்கை ஏது? சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. தணிகாசலம் அதைக் காலால் நகர்த்தி கஜபதியின் முன்னால் தள்ளினார். "உக்காரு. ஒடையாது. இது நான் செஞ்சது இல்ல." கோமளா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள், சிரிப்பா கோபமா தெரியவில்லை. கஜபதி நாற்காலியைப் பார்த்தார். தடியைச் சுவரில் சாய்த்தார். பின்னங்கால்களை ஒரு கணம் குனிந்து பார்த்தார், அப்புறம் தட்டு இல்லாத கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாக இறங்கினார். இறங்கி, தொடை விளிம்பில் பட்டதும் நின்றுகொண்டார். பார்க்கிறவர்களுக்கு உட்கார்ந்திருப்பவர் மாதிரிதான் தெரியும். ஆனால் பாரம் முழுவதும் பாதத்தில் இருந்தது, முழங்கால் விறைத்து நின்றது, குதிகால் தரையை விட்டு ஒரு நூல் எழும்பியிருந்தது. அந்த உட்காரலைத் தணிகாசலத்துக்குத் தெரியும். இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் அப்படி உட்காருகிறார் என்று இதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தார். மூட்டையைப் பிரித்துக் கொட்டச் சொன்னவனுக்கும் உள்ளே என்ன இருந்தது என்று தெரியும் இல்லையா. அவர் குனிந்து, கஜபதியின் காதருகே, அடிவயிற்றிலிருந்து வந்த குரலில் சொன்னார்: "முழுசா உக்காருடா." கஜபதி தலையை நிமிர்த்தவில்லை, தட்டைப் பார்த்தார். தொடை விளிம்பிலேயே இருந்தது. தணிகாசலம் கையைக் கட்டிக்கொண்டு, கஜபதி முழுசாக உட்காருகிறவரை நிற்பதற்குத் தயாராக, நின்றார். நிற்பதில் அவருக்குப் பழக்கம் உண்டு.